எலுமிச்சம்பழச் சோத்துச் சிரிப்பு

“அரிசி தீந்துபோச்சுக்கா”ன்னு நான் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலையில எட்டு மணி இருக்கும், அரிசிப் பானையைக் கவுத்துத் தட்டிக் காமிச்சுச் சொன்னேன், சொல்லி வாயை மூடினதும் எங்க வீட்டுக்குள்ள இருநூறு பேரு சிரிச்சாக. கூரையில இருந்துன்னும் சொல்ல முடியாது, சுவத்துல இருந்துன்னும் சொல்ல முடியாது, ஆம்பளைச் சிரிப்பும் பொம்பளைச் சிரிப்பும் சின்னப்புள்ளைக சிரிப்புமா ஒண்ணா எந்திரிச்சு, வீடு பூராவும் உருண்டு, ஒண்ணா அடங்குச்சு. அக்கா அடுப்படியில இருந்து தலையை நீட்டி, “யாருளா வந்துருக்கா?”ன்னா. “யாரும் இல்லக்கா”ன்னேன். “நல்ல வேளை, வந்துருந்தா டீ போடப் பாலு இல்ல”ன்னா. அதுக்கும் சிரிச்சாக. அக்கா கொஞ்ச நேரம் சுவத்தைப் பார்த்தா, அப்புறம் பக்கத்து வீட்டுல ஒரு படி அரிசி கைமாத்து வாங்கியார என்னைய அனுப்பினா.

என் பேரு சொர்ணம், அவ பேரு பாக்கியம். எங்க அப்பா எங்களுக்குச் சேத்து வச்சது இந்தப் பேரு ரெண்டும் இந்த ஓட்டு வீடும்தான், வேற ஒரு துரும்பு கிடையாது. எனக்குக் கல்யாணம் நடக்கல, அவளுக்கு நடந்து மூணே வருசத்துல அந்த மனுசன் போய்ச் சேந்துட்டாரு, அன்னையில இருந்து ரெண்டு பேருக்கும் ஒரே பானை, ஒரே சோப்பு, ஒரே குடை. நான் சேலைக்கு ஓரம் அடிக்கிறேன், அவ தீப்பெட்டி ஆபீசுல பெட்டி அடைச்சா. பெட்டி அடைக்கிறதுன்னா குச்சியை ஒரு கையா அள்ளி, எண்ணாமலே சரியாப் பெட்டிக்குள்ள தள்ளி மூடுறது. நிறுத்தாம செய்யணும், நிறுத்தி நிறுத்திச் செஞ்சா கூலி கட்டாது. எங்க அக்கா அந்த ஆபீசுலயே பேரெடுத்த கைக்காரி. போன மாசியில குச்சி உரசிப் பலகையோட பத்திக்கிட்டு, அவ வலது கை வெந்துபோச்சு. ஆறினப்போ நடுவிரலும் மோதிர விரலும் ஒட்டிக்கிட்டே ஆறுச்சு. மதுரை டாக்டரு, “தை பிறக்குறதுக்குள்ள ஆபரேசன் பண்ணிப் பிரிச்சு விட்டா கை வேலை செய்யும், விட்டீங்கன்னா அப்படியே கட்டையாப் போயிரும்”னாரு. அந்தச் செலவு என்னோடதுன்னு முதலாளி ஆஸ்பத்திரியில வச்சு, நாலு பேரு முன்னால சொன்னாரு. சொன்னதோட சரி.

இதுக்கு நடுவுலதான் ஆவணியில டிவிக்காரங்க வந்தாக. ‘அக்கா தங்கச்சி அரைப்படி அரிசி’ன்னு ஒரு சிரிப்பு நாடகம், வாராவாரம் வர்றது, காசில்லாத ரெண்டு பொம்பளைக ஒரே வீட்டுல அடிச்சுக்கிட்டும் கட்டிக்கிட்டும் கிடக்குற கதை. எங்க வீட்டைப் பார்த்துட்டு டைரக்டரு, “எவ்வளவு செலவு பண்ணி செட் போட்டாலும் இந்த வறுமை வராதுங்க”ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. கும்பிட்டாருய்யா! பன்னெண்டு நாளைக்கு வீட்டைக் கொடுத்துட்டு நாங்க ரெண்டு பேரும் கொல்லையில துவைக்கிற கல்லுகிட்டக் குடியிருந்தோம். எங்க பானை நெளிசல் பத்தலைன்னு சுத்தியலால இன்னும் ரெண்டு இடத்துல நெளிச்சாக. எங்களப் போல நடிக்க வந்த பொண்ணுக ரெண்டும் புதுச் சேலை வாங்கி, அதைக் கிழிச்சு, கிழிசலைத் தச்சு உடுத்துச்சுக. அந்தத் தையலையும் நான்தான் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடி போட்ட ஒருத்தரு அக்கா பக்கத்துல உக்காந்து, “அப்புறம் என்னக்கா ஆச்சு, அப்புறம்?”னு கேட்டுக் கேட்டு நோட்டுல எழுதினாரு. அக்கறையாக் கேக்காருன்னு நம்பி அவளும் எல்லாத்தையும் சொன்னா. மறுநா பார்த்தா, நாடகத்து அக்காக்காரிக்கு வலது கையில பெரிய கட்டு, தட்டைக் கீழ போடுதா, சொம்பைக் கீழ போடுதா, தங்கச்சி தலையில சாம்பாரைக் கொட்டுதா.

சிரிக்கிறதுக்கு எங்க தெருவைத்தான் கூப்பிட்டாக. வாசல்ல பந்தல் போட்டு, பெஞ்சு போட்டு, தெரு மொத்தமும் உக்காந்துச்சு. ஒருத்தரு சிவப்புத் துண்டோட ஓரமா நிப்பாரு. நடிக்கிற பொண்ணு பேச்சை நிறுத்தினதும் துண்டை வீசுவாரு. வீசினாச் சிரிக்கணும், தாழ்த்தினா நிறுத்தணும். அதுக்குக் கூலி ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழச் சோத்துப் பொட்டலம், நாலு மணிக்கு ஒரு டீ. அக்கா கையைத் தீக்குள்ள இருந்து இழுத்துத் தண்ணித் தொட்டியில முக்கினவளே எதுத்த வீட்டு மாரித்தாயிதான், அதே பலகையில உக்காந்து பெட்டி அடைச்சவ. அவளும் அந்தப் பெஞ்சுல உக்காந்து, சொம்பு விழ விழச் சிரிச்சா. நாங்க துவைக்கிற கல்லுல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தோம். பன்னெண்டாம் நாளு பந்தலைப் பிரிச்சு, விளக்கைக் கழட்டி, ஆணி வரைக்கும் எண்ணி எடுத்து வேன்ல ஏத்திக்கிட்டுப் போனாக. சிரிப்பை மட்டும் விட்டுட்டுப் போயிட்டாக.

ஊரு பயந்துருக்கும்னு நினைப்பீக. பயந்துச்சு, ரெண்டே நாளு. கோடாங்கி வந்து உடுக்கடிச்சு, “பேயும் இல்ல பிசாசும் இல்ல, இது உசுரோட இருக்குற ஆளுக சத்தம்”னு சொல்லிட்டுக் காணிக்கை கேட்டாரு; “கையில ஒண்ணும் இல்லையே சாமி”ன்னேன்; வீடு சிரிச்சுச்சு, சாமியும் சிரிச்சுக்கிட்டே போனாரு. கரண்டு ஆபீஸ் ஆளு வந்து மெயினை அணைச்சுப் பார்த்தாரு, அணைச்சும் சிரிக்கவே, “எங்க லைன்ல கோளாறு இல்ல”ன்னு எழுதிக் கொடுத்தாரு. கேபிள்காரரு செல்லுல பதிஞ்சு பார்த்தாரு; சிரிப்பு பதியல, நாங்க பேசினது மட்டும்தான் பதிஞ்சுச்சு, கேஸ் தீந்தது, ஓடு ஒழுகுறது, செருப்பு வாரு அந்துபோனது, வெறுமனே அதைக் கேக்க ஒருத்தருக்கும் பிடிக்கல, அழிச்சுட்டாரு. மூணாம் நாள்ல இருந்து எல்லாருக்கும் பழகிப்போச்சு. கத்திரிக்காய் நறுக்குறவ அருவாமனையைத் தூக்கிக்கிட்டு எங்க வாசலுக்கு வந்தா, சிரிச்சாச் சுகர் குறையுமாம்னு பென்சன்காரங்க ஆறரை மணிக்கு வரிசையா வந்து நின்னாக, டீக்கடை அண்ணாச்சி தள்ளுவண்டியை எங்க வேப்பமரத்தடிக்கே நகத்திட்டாரு, மினிபஸ் கண்டக்டரு “சிரிப்பு வீடெல்லாம் இறங்கு”ன்னு கூவ ஆரம்பிச்சாரு. “சொர்ணம், இன்னைக்கு என்ன இல்ல?”ன்னு வந்து கேப்பாக. எல்லாம் இருக்குன்னு நான் பொய் சொன்னா மூஞ்சி தொங்கிப்போயிரும் அவுகளுக்கு.

எங்க இல்லாமைக்கு மட்டும்தான் அது சிரிக்கும். மழை வருது, பூனை குட்டி போட்டுருக்குன்னு பேசினா கப்சிப்னு கிடக்கும். ஒருநா தாங்கமாட்டாம நான் அழுதேன். “அச்சச்சோ”ன்னு இருநூறு பேரும் உச்சுக்கொட்டினாக, நான் மூக்கைச் சிந்தினதும் சிரிச்சாக. உங்களுக்குக் கோவம் வருதா இல்லையா? எனக்கு வந்துச்சு. சோறு வேகுற நேரத்துல வரும், தையல் மிசினை மிதிக்கும்போது வரும், எவன் மேல காமிக்கன்னு தெரியாம வரும்.

தெரிஞ்சுச்சு, கணக்கப்பிள்ளை அய்யாத்துரை வந்தப்போ. தீப்பெட்டி ஆபீசு கேட்டுக்குள்ள அக்காவை விடக்கூடாதுன்னு உத்தரவு போட்டுட்டு, கணக்கப்பிள்ளையை எங்க வீட்டுக்கு அனுப்புவாரு முதலாளி, பாக்கியம் தன் வாயால என்ன வேணும்னு சொல்லட்டும்னு. இவ வாயைத் திறந்து, “ஆபரேசனுக்குப் பணம் தாரேன்னீகளே”ன்னதும் வீடு சிரிக்கும், வாசல்ல இருக்குறவுக சிரிப்பாக, கணக்கப்பிள்ளை தொடையைத் தட்டிக்கிட்டுச் சிரிப்பாரு. “எனக்கே அடங்கமாட்டேங்குதே பாக்கியம், இதை எப்படி முதலாளிகிட்டப் போயிச் சொல்ல?”ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போயிருவாரு. புரட்டாசி இப்படிப் போச்சு. ஐப்பசி இப்படிப் போச்சு. மூணாந்தடவையோட அக்கா பேச்சை விட்டுட்டா. சட்டியில கரண்டியால ஒரு தட்டு தட்டினாச் சாப்பிட வா, ரெண்டு தட்டினாத் தண்ணி எடுத்து வை. “எக்கா, கை மரத்துக்கிட்டு வருதா?”ன்னு கேட்டா ஆமான்னு தலையை மட்டும் ஆட்டுவா. தெருக்காரங்களுக்கு அதுலயும் வருத்தம், “பாக்கியம் முன்ன மாதிரி இல்ல, ரொம்ப மாறிட்டா”ன்னு.

அந்த வாரந்தான் மாரித்தாயி, கட்டிக் கொடுத்த மகளை எங்க வாசலுக்குக் கூட்டியாந்து, “கடைசியில ஒரு விக்கல் வருது பாத்தியா, அது நான்தான், என் சிரிப்புதான்”னு காமிச்சா. ஒவ்வொருத்தரும் அவுகவுக சிரிப்பை அடையாளம் கண்டுபிடிச்சு வச்சிருந்தாக. பெருமை! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. விளக்குமாத்தோட வெளிய வந்து, “உன் சிரிப்புன்னா உன் வீட்டுல கொண்டுபோயிக் கட்டிப்போடுளா, என் அடுப்புல பூனை தூங்குறது உனக்கு வேடிக்கையா, ரேசன் பருப்பு தீந்து நாலு நாளாச்சு, நாலு நாளா ரசம் கூட இல்லாம வெறுஞ்சோறு திங்கோம், அதுக்கா உனக்கு விக்குது, உன் விக்கல்ல இடி விழ”ன்னு மூச்சு விடாமத் திட்டினேன். பருப்பு இல்ல, ரசம் இல்லன்னு அத்தனை இல்லாமையைச் சொல்லியும் சிரிப்பு வரல. “ஹ”ன்னு தொடங்கும், அதுக்குள்ள நான் அடுத்ததுக்குப் போயிருவேன், அது முழுங்கிக்கிடும். மூச்சு வாங்க நான் நிறுத்தின பிறகுதான் மொத்தமா வெடிச்சுச்சு. எனக்கு இருந்த ஆத்திரத்துல இது உறைக்கல. நிலைப்படியில நின்ன அக்காவுக்கு உறைச்சுருக்கு.

கார்த்திகை கடைசி ஞாயித்துக்கிழமை, காலை பத்து மணிக்குக் கணக்கப்பிள்ளை வந்தாரு. இந்தத் தடவை கையில ஒரு காயிதம், ஒரு மை டப்பா. பாக்கியமாகிய எனக்கு ஒரு குறையும் இல்ல, இனிமே எனக்கும் ஆபீசுக்கும் ஒரு பேச்சும் இல்லன்னு அதுல எழுதியிருந்துச்சு. வலது கை ஆகாதுன்னு இடது கைப் பெருவிரல் வைக்க இடம் கோடு போட்டு வச்சிருந்தாரு, அவ்வளவு அக்கறை. விசயம் தெரிஞ்சு தெரு மொத்தமும் சேரைத் தூக்கிக்கிட்டு வந்துருச்சு. டீ வண்டியில பாலு கொதிச்சுச்சு.

“கம்பெனி நஷ்டத்துல ஓடுது பாக்கியம், முதலாளி வீட்டுலயே கஞ்சிதான்னா பாத்துக்கோ”ன்னாரு கணக்கப்பிள்ளை. அதுக்கு வீடு சிரிக்கல. எனக்குப் பொறுக்கல. “தை பிறக்க இன்னும் ஒரு மாசந்தான் இருக்கு, எங்கக்கா கை போயிரும் அண்ணாச்சி, எங்களுக்கு வேற நாதி இல்ல”ன்னு சொல்லி நிறுத்தினேன். எப்படிச் சிரிச்சாக தெரியுமா! வீடு சிரிச்சு, தெரு சிரிச்சு, சிரிச்ச சிரிப்புல டீ டம்ளரு ரெண்டு உருண்டுச்சு. கணக்கப்பிள்ளை சிரிச்சுக்கிட்டே மை டப்பாவைத் திறந்து, அக்காவோட இடது கையைப் பிடிச்சாரு.

அக்கா கையை உருவிக்கிட்டா. வலது கையைத் தூக்கி, ஒட்டின விரலு எல்லாருக்கும் தெரியுற மாதிரிப் பிடிச்சுக்கிட்டு, ஒரு மாசமாப் பேசாத வாயைத் திறந்தா.

“கணக்கப்பிள்ளை, இந்தக் கையைப் பாருங்க, பத்தொம்போது வருசம் உங்க குச்சியை அள்ளின கை, எத்தனை பெட்டின்னு உங்க நோட்டுல இருக்கும், எனக்குத் தெரியாது, எண்ணினாக் கை நிக்கும்னு நான் எண்ணினதே இல்ல, காய்ச்சல்ல அள்ளினேன், புருசன் காரியம் முடிஞ்ச மறுநாளும் வந்து அள்ளினேன், அன்னைக்கு வெயில்ல கிடந்த குச்சியை ஆறவிடாம உள்ள கொண்டாந்து கொட்டினது நீங்க, சூடா இருக்கு அண்ணாச்சின்னு சொன்னது நானு, லாரி நிக்குது அடைளான்னது நீங்க, பத்திக்கிட்டப்போ முத ஆளா வெளிய ஓடினதும் நீங்க, என் கையைத் தண்ணிக்குள்ள முக்கினது இந்தா உக்காந்துருக்காளே இவ, ஏ மாரித்தாயி, என் தோலு உன் உள்ளங்கையில ஒட்டிக்கிட்டு வந்துச்சே, அதைக் கழுவிட்டுத்தான சிரிக்க வந்து உக்காந்த, பொட்டலம் வாங்கினதும் அதே கைதான, இந்த ரெண்டு விரலும் பிரிஞ்சாத்தான் நான் சோத்தைப் பிசைஞ்சு திங்க முடியும், என் தங்கச்சி தலையைப் பின்னிவிட முடியும், பிரிச்சு விடுதேன்னு உங்க முதலாளி அவரா வந்து சொன்னாரு, நான் போயிக் கேக்கல, இப்பவும் நான் பிச்சை கேக்கல, நீங்க எரிச்சதைக் கேக்கேன், என் விரலைக் கேக்கேன், குறை இல்லன்னு எழுதிக் கொண்டாந்துருக்கீகளே, அரிசி இல்ல, பாலு இல்ல, கேஸ் இல்ல, கை இல்ல, அத்தனை இல்லைக்கும் மேல என் ரேகை உங்களுக்கு இல்ல, எந்திரிங்க.”

அவ பேசப் பேச, சுவத்துக்குள்ள “ஹ” “ஹ”ன்னு அது எந்திரிக்கப் பாத்துச்சு. அவ குச்சி அள்ளின மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா அள்ளிப் போட்டுக்கிட்டே போனா. நுழைய இடம் கிடைக்காம அது முழுங்கி முழுங்கித் தவிச்சுச்சு. எந்திரிங்கன்னுதான் நிறுத்தினா. சிவப்புத் துண்டை வீசுற இடம் அதுதான். தெரு மொத்தமும் வாயைத் திறந்து வச்சுக்கிட்டுக் காத்துருந்துச்சு. வீடு சிரிக்கல. உள்ள யாரோ ஒருத்தரு இருமினாரு. பெஞ்சு நகர்ற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் செருப்புச் சத்தம், இருநூறு சோடிச் செருப்பு எங்க வீட்டுக்குள்ள இருந்து ஒவ்வொண்ணா வாசப்படி இறங்கி, எங்களைத் தாண்டி, தெருவுல நடந்துச்சு. ஆளு ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல, புழுதி மட்டும் எந்திரிச்சுச்சு. மாரித்தாயி முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டா.

சத்தமில்லாம இருந்தது கணக்கப்பிள்ளைக்குத் தாங்கல. காயிதத்தை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டே, “நீ சொல்லுறது நியாயந்தான் பாக்கியம், நான் இல்லங்கல, ஆனா கம்பெனி நஷ்டத்துல ஓடுதே”ன்னாரு.

போய்க்கிட்டிருந்த செருப்பெல்லாம் நின்னுச்சு. பிறகு சிரிச்சுச்சு பாருங்க ஒரு சிரிப்பு! எங்க வீட்டுல சிரிச்சதெல்லாம் சும்மா. வேப்பமரத்துக் காக்காயெல்லாம் பறந்துபோச்சு. கணக்கப்பிள்ளை வண்டியை உதைக்காரு, உதைக்காரு, கிளம்பமாட்டேங்குது, “பெட்ரோல் போடக்கூடக் கம்பெனி காசு தரமாட்டேங்குதும்மா”ன்னாரு, அதுக்கும் சிரிச்சுச்சு. வண்டியைத் தள்ளிக்கிட்டே ஓடினாரு. சிரிப்பு அவரு பின்னாலயே போச்சு.

ஊரு அதுக்கும் பழகிக்கிச்சு. முதலாளி ஆபீசுல நின்னு, “இந்த வருசம் போனசுக்கு வழியில்ல”ன்னதும் கூரை அதிரச் சிரிச்சுச்சாம். பெட்டி அடைக்கிற பொம்பளைக அத்தனை பேரும் கையை நிறுத்திட்டு நிமிந்து பார்த்தாகளாம். பேங்கு மேனேஜரு முன்னால சிரிச்சுச்சு. கோயில் கொடைக்கு வரி கேட்டவுககிட்ட, “கையில ஓட்டமில்லப்பா”ன்னு சாமி சன்னதியில வச்சு முதலாளி சொன்னாரு, அங்கயும் சிரிச்சுச்சு, பூசாரி தட்டைக் கீழ போட்டாரு. ஒம்போதாம் நாளு எங்க வாசலுக்கு முதலாளி காரு வந்துச்சு. மார்கழி பதினெட்டு அன்னைக்கு மதுரையில எங்கக்கா விரலைப் பிரிச்சாக.

பொங்கல் கழிஞ்சு கணக்கப்பிள்ளை திரும்ப வந்தாரு. வாயைப் பொத்திக்கிட்டுக் காதுகிட்ட வந்து பேசினாரு. “ஆபரேசன்தான் ஆயிருச்சே தாயி, உங்க சிரிப்பைத் திரும்பக் கூப்பிட்டுக்கோங்க, முதலாளி வீட்டை விட்டு வெளிய வந்து ஒரு வாரமாச்சு”ன்னாரு. அக்கா கட்டுப் பிரிச்ச கையை மடிச்சு நிமித்திப் பழகிக்கிட்டே, “அது எங்க சிரிப்பு இல்ல அண்ணாச்சி, நாங்க சிரிச்சு வருசமாச்சு. அது தெருவோடது. அங்க போயிக் கேளுங்க”ன்னா.

தெருவுல என்னத்தக் கேக்க? தெருவுக்குச் சிரிப்பு போயி ஒரு மாசமாச்சு. டீ வண்டிக்கிட்ட நின்னு ஏதாவது பேசி வாயைத் திறப்பாக, பல்லு தெரியும், காத்து வரும், சத்தம் வராது. போன வெள்ளிக்கிழமை மாரித்தாயி ஒரு சொம்பு மோரோட வந்து எங்க படியில உக்காந்தா. “மகளுக்கு ஆம்பளைப் புள்ள பிறந்துருக்கு சொர்ணம். மூஞ்சியைப் பார்த்துச் சிரிச்சு ஒரு கொஞ்சு கொஞ்ச முடியல. என் சிரிப்பு எப்பளா வரும்? அக்காகிட்டச் சொல்லிப் பாரேன்”னா. கண்ணுல தண்ணி நின்னுச்சு அவளுக்கு.

“ஒரு பொட்டலம் எலுமிச்சம்பழச் சோத்துக்கு வித்துட்டுத்தான போன”ன்னேன். “தின்ன சோத்தைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போயி வாங்கிக்கோ.” மோரை அவ கையிலயே திருப்பிக் கொடுத்தேன். மனசு இரங்கலையான்னு என்கிட்டக் கேக்காதீக. இரங்கல.

அவ தெருவைத் தாண்டிப் போறதைப் பார்த்துக்கிட்டே நிக்கேன், உள்ள இருந்து அக்கா கரண்டியால தட்டாம, வாயாலயே கூப்பிட்டா. “சொர்ணம், அரிசி தீந்துபோச்சுளா.”

சொல்லிட்டு அவ அப்படியே நின்னா. நானும் நின்னேன். ரெண்டு பேரும் சுவத்தைப் பார்த்தோம். அவ பானையைப் பிடிச்சிருந்த கையில அஞ்சு விரலும் தனித்தனியா இருந்துச்சு. ரொம்ப நேரம் நின்னோம், வீட்டுல ஒரு சத்தமும் இல்ல. “சரிக்கா, வாங்கியாறேன்”னு சொல்லிட்டு நான் பையை எடுத்துக்கிட்டுக் கடைக்குக் கிளம்பினேன்.